தராசுக்காரர் மகள் வாங்கிய பட்டம்

சிந்திக்கும் மனிதரை உருவாக்கும் அரசே காலத்தை வெல்லும் என்று அரசுக் கலைக் கல்லூரியின் முகப்பில் ஆளுயரக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். கல்லின் பின்பாதியைக் கட்டணம் கட்டும் நேரம் எழுதிய தகரப் பலகை மறைத்துக்கொண்டதால், போகிற வருகிறவர்கள் கண்ணுக்கு 'சிந்திக்கும் மனிதரை உருவாக்கும் அரசே காலை பத்து முதல் ஒரு மணி வரை' என்றுதான் படும். அந்தக் கல்லூரியின் தத்துவத் துறையில், அரசு உதவித்தொகையில் மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கிய தராசுக்காரர் மகளோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டு எழுந்தவர்களுக்கு எடை குறைந்தது. சிலருக்கு ஒன்றரைக் கிலோ, சிலருக்கு மூன்று. தம்பியோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத டயர் கடைக்காரருக்கு ஒரே மதியத்தில் ஒன்பது கிலோ. சட்டை தொளதொளக்கவில்லை, இடுப்பு வாரில் ஒரு ஓட்டைகூட உள்ளே போகவில்லை, கன்னம் ஒட்டவில்லை. ஆள் இருந்தபடியே இருந்தார், எடைதான் இல்லை.

இது முதலில் தெரியவந்தது தராசுக்காரருக்கு. அவர் அதை நம்பவில்லை. தராசில் கோளாறு என்று நினைத்தார். கடைத்தெருவில் டயர் கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவில் அவர் கடை. மளிகைக்காரர்களின் தட்டுத் தராசு, நகைக்கடையின் கண்ணாடிப் பெட்டித் தராசு, சிமெண்டுக் கிடங்கின் மேடைத் தராசு, இப்போது வருகிற பேட்டரித் தராசு எல்லாம் அவர் கைபட்டுத்தான் திருந்திப் போகும். கடை வாசலில் ஆள் ஏறி நிற்கிற பெரிய முள் தராசு ஒன்றும், பக்கத்தில் காத்திருப்பவர்களுக்கு ஒரு மர பெஞ்சும் உண்டு. பட்டம் வாங்கியபின் மேல்படிப்புச் சேர்க்கை தொடங்கும்வரை மகள் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் தலையை லேசாகச் சாய்த்து, "அப்படின்னா என்ன?" என்பாள். வம்புக்குக் கேட்பதுபோல இருக்காது. நிஜமாகவே தெரியாமல் கேட்பாள், பதில் வரும்வரை காத்திருப்பாள். தான் சொல்லப்போவதற்காக ஒரு ஆள் காத்திருப்பது பலருக்குப் புது அனுபவமாக இருந்தது.

டயர் கடைக்காரர் அன்று வந்தது சில்லறை மாற்ற. தராசுக்காரர் காசு எண்ணும் நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று தராசில் ஏறி இறங்கினார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என் தம்பி மூஞ்சில முழிக்க மாட்டேன்மா. எனக்கு மானம் பெருசு."

"மானம்னா என்னண்ணே?"

"என்னம்மா இப்படிக் கேக்கிற? மானம்னா மானம்தான்."

"இல்லண்ணே, தெரியாமத்தான் கேக்கிறேன். அது உங்ககிட்டயே இருக்கிறதா, இல்ல உங்க தம்பி கொண்டாந்து குடுக்கணுமா?"

டயர் கடைக்காரர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் கடைப் பையன் இரண்டு தடவை வந்து ஆள் காத்திருக்கிறது என்று கூப்பிட்டான், இரண்டு தடவையும் கையாலேயே விரட்டினார். பொழுது சாயும் நேரத்தில் எழுந்து, வந்த வேலையை மறந்து, மறுபடி தராசில் ஏறினார். முள் ஒன்பது கிலோ பின்னால் நின்றது. அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது தம்பியின் குடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மழையும் இல்லை, தூறலும் இல்லை. மறுநாளும் போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமல்லவா.

தராசுக்காரர் அன்றிரவு தராசின் வயிற்றைத் திறந்தார். வில்லைத் துடைத்தார், முள்ளை நிமிர்த்தினார், முத்திரை போட்ட இரும்புக் கற்களை ஒன்றொன்றாக மேடையில் அடுக்கிப் பார்த்தார். இருபது கிலோ கல்லுக்கு இருபது கிலோதான் காட்டியது. அடுத்த வாரம் ஒரு நர்ஸ் நாலு கிலோ குறைந்து எழுந்தபோது மறுபடி திறந்தார். வங்கிக் காவலாளி குறைந்தபோது மூன்றாம் தடவையும் திறந்தார். அவர் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. முள் சொல்வதை ஒரு தடவை கேட்டு நம்புகிறவன் தராசுக்காரன் இல்லை. ஏற்றி, இறக்கி, கல் வைத்துச் சோதித்து, மறுபடி ஏற்றிப் பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும். அப்படி எல்லாம் செய்து முடித்து, "தராசு சரியாத்தான் இருக்கு" என்று வீட்டில் வந்து சொன்னார். நோயாளிக்கு நோயே இல்லை என்று கண்ட டாக்டர்போல அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"அப்போ உங்க பொண்ணுதான் காரணம்னு ஒத்துக்குங்களேன்" என்றாள் அவர் மனைவி.

"படிச்சது தத்துவம். மந்திரம் இல்ல."

"எதுவா இருந்தா என்ன, ஊருக்கெல்லாம் குறையுது. உங்களுக்கு மட்டும்தான் அந்த பெஞ்சுல உக்கார நேரமில்லாம கடையில வேலை கிடக்கு."

இந்தக் குத்தல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. காரணம், தராசுக்காரரின் எடை அப்போது நூற்று முப்பத்தொரு கிலோ. ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. கழுத்து எலும்பில் சட்டை தொங்கும். மகள் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் அவர் அறுபத்திரண்டு கிலோதான் இருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் கூடிக்கூடி வந்தது. தோற்றத்தில் ஒரு இம்மி மாறவில்லை. கடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கால் விரித்துப் படுத்தன. பரண் ஏணியின் படி முறிந்தது. ஆட்டோக்காரர்கள் ஒல்லியான ஆள் என்று நம்பி ஏற்றிக்கொண்டு, மேட்டில் வண்டி திணறியதும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் மூன்று வகை ரத்தச் சோதனை எழுதிக் கொடுத்தார், எல்லாம் சரியாக இருப்பதைக் கண்டு கோபப்பட்டார். கட்டிலின் அவர் பக்கம் பள்ளமாகி, மனைவி தூக்கத்தில் அவர்மேல் உருண்டு விழுந்துகொண்டிருந்தாள். "இந்த வயசுல இது ஒண்ணுதான் மிச்சம்" என்று அவள் சொல்வாள். மற்றபடி ஒன்றும் சொல்ல மாட்டாள்.

மகளின் படிப்பைப் பற்றி அவர் அபிப்பிராயம் கடைத்தெரு முழுவதும் தெரிந்ததுதான். வெட்டிப் படிப்பு. சேரும்போது தடுக்கவில்லை. உதவித்தொகை வருகிறது, கையைக் கடிக்கவில்லை, போகட்டும் என்று விட்டார். ஆனால் சேர்ந்த அன்றிலிருந்து மகளோடு அவர் பேச்சு, "சாப்டியா", "மழை வரும் போலிருக்கு, குடை எடுத்துக்கோ" என்ற அளவில் நின்றுபோனது. அதற்கு முன்னால் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் மகளும் பேசுகிற பேச்சில் சாப்பாட்டைக் கை மறந்துவிடும், தட்டு காய்ந்துபோகும். நிலாவை எடை போடுவது எப்படி, பொய்க்கு எடை உண்டா என்று அவள் கேட்க, இவர் கரண்டியைத் தராசாகப் பிடித்துக்கொண்டு விளக்க, அம்மா இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே விளக்கை அணைப்பாள். படிப்பு வந்ததும் அது நின்றது. ஏன் நின்றது என்று மகள் கேட்கவில்லை. ஊரில் யார் எதைச் சொன்னாலும் அப்படின்னா என்ன என்று கேட்பவள், வீட்டில் மட்டும் அந்தக் கேள்வியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வந்தாள்.

அவளுடைய பெஞ்சின் பெயர் பரவியது. ஆனால் ஊருக்குப் பரவும்போது விஷயம் கொஞ்சம் உருமாறிப் பரவியது. இளைக்க விரும்பியவர்கள் வந்தார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்கள் வந்தார்கள். கன்னம் வற்றவில்லை, இடுப்பு குறையவில்லை, ஆனால் பெஞ்சிலிருந்து எழுந்துபோன இரண்டு பேர் கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து அந்தக் கூட்டம் நின்றது. பௌதிகத் துறையிலிருந்து ஒரு குழு வந்தது. குறைந்த எடை எங்கேயாவது போயிருக்க வேண்டுமே என்று அவர்கள் பெஞ்சுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார்கள். இரண்டு சூயிங்கமும் ஒரு தலைப்பின்னும் கிடைத்தன. தராசுக்காரரின் அக்கா வந்தாள். "ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கினா என்னடீ? இல்லேன்னா என் மச்சினன் மொபைல் கடையில பில் போடுற வேலை காலியா இருக்கு. ஏசி ரூம். தத்துவத்துக்கு எவன் ஏசி குடுப்பான்?" என்றாள். மகள் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தாள். அத்தை உஷாரானவள். "என்கிட்ட அந்தக் கேள்வியெல்லாம் கேக்காதே, எனக்கு என் எடை போதும்" என்று அவசரமாக எழுந்துபோனாள்.

மேல்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. சேர வேண்டிய மாதத்தில்தான் அரசு ஒரு குழுவை நியமித்தது. கலைப் படிப்புகளுக்கு மக்கள் வரிப்பணத்தைச் செலவிடுவதால் மக்களுக்கு என்ன பயன் என்று ஆராய்ந்து, பயன் இல்லாத துறைகளை மூடிவிடலாம் என்பது குழுவின் வேலை. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. எங்கே போனாலும் தன் நாற்காலிக்கென்று ஒரு மெத்தையை உதவியாளர் தலையில் வைத்துக் கொண்டுவருவார். கருவியில் அளக்க முடியாதது எதுவும் பயன் ஆகாது என்பது அவர் கட்சி. பொருளாதாரத் துறை முதல் நாளே தன் பெயரோடு கம்ப்யூட்டர் என்று சேர்த்துக்கொண்டு தப்பியது. வரலாற்றுத் துறை, தேதிகளை மனப்பாடம் செய்தவர்கள் மின்கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்டுகிறார்கள் என்று நிரூபித்தது. இலக்கியத் துறை, எதுகை மோனையில் பேசி இன்சூரன்ஸ் பிடிக்கும் தன் பழைய மாணவர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியது, தலைவரே ஒரு பாலிசி எடுத்தார். மிச்சம் இருந்தது தத்துவம். அந்தத் துறையில் ஒழுகும் அறை ஒன்று, ஒரு வாத்தியார், மகளோடு சேர்த்து மூன்று மாணவர்கள். அறையை வணிக மேலாண்மைக்குக் கேட்டுக் கல்லூரி முதல்வர் ஏற்கெனவே அளவெடுத்துவிட்டிருந்தார். துறை மூடினால் மகளுக்கு மொபைல் கடைதான். அத்தை அந்த ஏசி அறையில் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினாள்.

குழுத் தலைவர் பொதுமக்கள் கருத்தை அறிய, தன்னை யாருக்கும் தெரியாதபடி கடைத்தெருவில் நடந்தார். மெத்தையோடு ஒரு ஆள் பின்னால் வந்துகொண்டிருந்ததால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர் தராசுக்காரர் ஒருவர்தான். அவர் அப்போது ஒரு பேட்டரித் தராசுக்குள் தலையை விட்டிருந்தார்.

"ஏங்க, அரசாங்கம் தத்துவப் படிப்புக்கெல்லாம் பணம் குடுக்குதே, அதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

தராசுக்காரர் தலையை வெளியே எடுக்கவில்லை. "வெட்டிப் படிப்பு சார். அந்தக் காசுல ரோடு போட்டிருக்கலாம். போனமாசம் அந்த முக்குல ஒரு பள்ளத்துல என் சைக்கிள் சக்கரமே வளைஞ்சு போச்சு."

"உங்க வீட்ல யாராவது படிச்சிருக்காங்களா?"

"என் பொண்ணு."

தலைவர் முகம் மலர்ந்தது. பெற்ற அப்பனே எதிர்சாட்சி. அவர் அதை அங்கேயே நின்று எழுதிக்கொண்டார், மெத்தைக்காரர் முதுகைக் குனிந்து கொடுத்தார். எழுதுகிற சத்தம் கேட்டுத்தான் தராசுக்காரர் நிமிர்ந்தார். வந்தவர் யார் என்பதை டயர் கடைக்காரர் வந்து சொன்னபோது, கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவருக்கு எழ முடியவில்லை. அந்த நிமிடத்தில் அவர் இன்னும் சில கிலோ கூடியிருக்க வேண்டும். டயர் கடைக்காரரும் அவர் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வீட்டில் சேர்த்தார்கள்.

அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சண்டை போடவில்லை, அதுதான் மோசம். மனைவி தட்டைச் சத்தம் வராமல் வைத்தாள். கடைசியில், "ஊர்ல ரோடு ரொம்ப முக்கியம் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். மகள், "விடும்மா, அப்பா மனசுல இருக்கிறதத்தானே சொன்னாரு" என்றாள். தராசுக்காரர் படுத்திருந்த கட்டிலின் கால் ஒன்று அப்போதுதான் முறிந்தது.

தலைவரின் சோதனை நாள் வந்தது. பெஞ்சு அதிசயத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். அதைத் தன் கண்ணால் பார்த்துப் பொய்யாக்கிவிட்டுத்தான் துறையை மூடவேண்டும் என்று தீர்மானித்திருந்தார். மூடிய பிறகு யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக்கூடாது. முதலில் தானே மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் பேசினார். கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே சொன்னார். எழுந்து எடை பார்த்தபோது நானூறு கிராம் கூடியிருந்தது. நடுவில் தேநீரோடு நாலு பன் சாப்பிட்டிருந்தார். சாதித்துவிட்ட பூரிப்பில் தத்துவ வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சாது. "ஐயாவுக்குக் குறைய ஒண்ணுமே இல்லைங்க" என்றார். தலைவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பிறகு, மற்றவர்களெல்லாம் பெண்ணுக்குத் தெரிந்தவர்கள், நடிப்பார்கள் என்றும், படிப்புக்கு எதிராகத் தன்னிடமே சாட்சி சொன்ன ஒரு ஆள் இருக்கிறார், அவரை உட்காரவைத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார். அப்பாவைக் கூப்பிட ஆள் போயிற்று.

கடை வாசல் முள் தராசையும் இரும்புக் கற்களையும் வண்டியில் ஏற்றி, தானும் நடந்து வந்தார் தராசுக்காரர். ஒழுகும் அறையில் தராசு வைக்கப்பட்டது. ஏறினார். நூற்று முப்பத்தெட்டு. குழு உறுப்பினர்கள் அவர் எலும்பையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவரை உட்காரவைக்கத் தாங்கும் நாற்காலி இல்லாததால் வாத்தியார் புத்தக அலமாரியைப் படுக்கப் போட்டார். எதிரே மகள் உட்கார்ந்தாள். மனைவி வாசலில் நின்றாள். டயர் கடைக்காரரும் தம்பியும் ஒரே குடையின்கீழ் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள்.

"கேளும்மா" என்றார் தராசுக்காரர். முகத்தைப் பார்க்கவில்லை. "என்ன கேக்கணுமோ கேளு."

ஊர் முழுக்கக் கேட்டவளுக்கு அந்த ஒரு ஆளிடம் கேட்க வரவில்லை. குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேலே ஓட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் அவள் தலையை லேசாகச் சாய்த்தாள்.

"அப்பா, வெட்டிப் படிப்புன்னு சொல்வீங்களே. வெட்டின்னா என்னப்பா?"

"பிரயோஜனம் இல்லாதது."

"யாருக்குப் பிரயோஜனம் இல்லாதது?"

தராசுக்காரர் வழக்கப்படி, நாட்டுக்கு என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் தராசு இருந்தது. அதன் முன்னால் அவர் எப்போதும் கணக்குத் தவறிப் பேசியதில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு" என்றார்.

"உங்களுக்கு அது எதுக்குப்பா பிரயோஜனப்படணும்?"

"சாப்பிடுறப்போ உன்கூடப் பேசுறதுக்கு."

மெத்தைக்காரர் மெத்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தராசுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் சேர்ந்த முதல் நாள் வகுப்புக்கு அவரும் வந்திருந்தார். உள்ளே இல்லை, இதே ஜன்னலுக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி குனிந்தபடி முழு வகுப்பையும் கேட்டார். மகள் என்ன படிக்கப் போகிறாளோ அதைத் தானும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டால் சாப்பாட்டு நேரத்தில் கைகொடுக்கும் என்று ஒரு நப்பாசை.

"ஒண்ணும் புரியலம்மா. எல்லாம் தெரிஞ்ச வார்த்தைதான். சேர்ந்து வந்தா புரியல. இருக்குன்னு நமக்குத் தோணுறதெல்லாம் இருக்கான்னு கேட்டாரு உங்க சார். எனக்கு இருக்குன்னா இருக்கு, இல்லேன்னா இல்ல. தட்டுல வெச்சா முள்ளு சொல்லிடும். நீ உள்ள உக்காந்து தலையை ஆட்டிக்கிட்டு இருந்த. சரி, இவ போற ஊருக்கு நமக்கு பஸ் இல்லேன்னு நினைச்சேன். அன்னிக்கு சாயங்காலம் வீட்டுப் படி ஏற முடியல. அப்போ ஆரம்பிச்சது இது."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது, உதடு என்னவோ சிரிப்புக்கு இழுத்தது.

"அப்பா, அன்னிக்கு எனக்கும் ஒண்ணும் புரியல."

"தலைய ஆட்டினியே?"

"பயத்துல ஆட்டினேன். மூணு மாசம் ஒரு வரி புரியலப்பா. வீட்ல வந்து சொல்லலாம்னா, புரியலேன்னு சொன்னா படிப்ப நிறுத்திடுவீங்களோன்னு பயம். நீங்களும் பேசல. சரி, உங்களுக்குப் பிடிக்கல போலிருக்குன்னு நானும் கேக்கல."

"உங்க சாருக்காவது புரிஞ்சுதா?"

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "அந்த வரி எனக்கு இன்னும் சந்தேகம்தாங்க. அதனாலதான் வருஷா வருஷம் அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்."

தராசுக்காரர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு தோள் குலுங்க. அவருக்கு அடியில் படுத்திருந்த அலமாரி நெடுமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் கொடுத்து, வளைந்திருந்த முதுகை நிமிர்த்தியது. அவர் எழுந்து தராசில் ஏறினார். அறுபத்திரண்டு.

குழுத் தலைவர் ஏதோ சொல்ல வருவதற்குள், தராசுக்காரரே, "இருங்க சார், இது நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். மனைவி வாசலிலிருந்து, "ஐயோ, இந்த மனுஷன் கெடுத்தாரே" என்று தலையில் கை வைத்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழு, முதல்வர், வாத்தியார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தராசின் வயிற்றைத் திறந்தார். வில்லைத் துடைத்தார், முள்ளைத் தட்டிப் பார்த்தார், மூடினார். இரும்புக் கற்களை ஒன்றொன்றாகத் தூக்கி அடுக்கினார். அத்தனைக்கும் முள் அடிபிசகாமல் நின்றது. கற்களை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றி, மறுபடி ஏறினார். அறுபத்திரண்டுதான். இறங்கி, மூன்றாவது தடவையும் ஏறி, அங்கேயே நின்றபடி மகளைப் பார்த்து, "தராசு சரியாத்தான் இருக்கு" என்றார். இதே வார்த்தையை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இப்படிச் சொன்னதில்லை.

கருவியில் அளந்ததே பயன் என்று சொன்னவர், கருவியில் அளந்துவிட்டதால் மெத்தையைச் சுருட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். துறை மூடப்படவில்லை. ஆனால் பணத்தை எந்தக் கணக்கில் கொடுப்பது என்ற சிக்கல் இரண்டு வருடம் நீடித்தது. எடை குறைவது கல்வி ஆகாது என்று கல்வித் துறை கையை விரித்தது. டாக்டர் சம்பந்தப்படாமல் குறைவது மருத்துவம் ஆகாது என்று சுகாதாரத் துறை திருப்பி அனுப்பியது. அந்த இரண்டு வருடமும் மகள் உதவித்தொகை இல்லாமலே படித்தாள். அவள் அப்பா தராசு துடைத்த கையோடு கல்லூரிக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டை விடப் பேச்சை அதிகம் முடித்துவிட்டு வருவார். முதல் வாரம் முழுவதும் நூற்று முப்பத்தெட்டு கிலோவுக்குப் பழகிய காலை அளவுக்கு மீறித் தூக்கி வைத்து, சேற்றில் நடக்கும் கொக்குபோலக் கடைத்தெருவில் நடந்தார். கட்டில் சமமாகிவிட்டது, இனி உருண்டு வரக் காரணம் இல்லை என்று அவர் மனைவி சொன்னாள். காரணம் இல்லாமலே உருண்டு வந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு இளம் பொறியாளர் குழுவின் அறிக்கையைப் புரட்டும்போது, பொதுமக்களில் ஒருவர் அந்தக் காசில் ரோடு போட்டிருக்கலாம் என்று சொன்ன வரியைக் கண்டார். மக்களின் எடை குறைந்தால் சாலை தேய்வது குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரியாக இருந்தது. அதிலிருந்து இன்றுவரை தத்துவத் துறைக்கான பணம் சாலைப் பராமரிப்பு நிதியிலிருந்துதான் வருகிறது. நிறுத்திவைத்த உதவித்தொகை மொத்தமாக வந்தது. மகள் படித்து முடித்து அங்கேயே ஆசிரியையாகச் சேர்ந்தாள். சம்பளச் சீட்டில் அவள் பதவி சாலைப் பணியாளர், சிந்தனைப் பிரிவு. வருடத்துக்கு ஒருமுறை துறையில் எல்லோருக்கும் இருட்டில் மின்னும் மேல்சட்டையும் தார்க் கையுறையும் வரும். வாத்தியார் ஓய்வுபெறும்வரை அந்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வகுப்பெடுத்தார், குளிருக்கு நன்றாக இருக்கிறது என்று. மாணவர் எண்ணிக்கை மூன்றிலிருந்து நாற்பதுக்கு வந்தது. ஓட்டு ஒழுகல் மட்டும் நிற்கவில்லை. கட்டடம் சாலையில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். அத்தை தன் பேத்தியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஏசி எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனாள். முக்கில் இருந்த பள்ளம் அப்படியே இருக்கிறது.

இப்போதெல்லாம் யாராவது எடை குறைந்து எழுந்தால் ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மளிகைக் கடையில் விலை கேட்பதுபோல, எவ்வளவு குறைஞ்சுது என்று கேட்டுக்கொள்கிறார்கள். கடை விடுமுறை நாளில் தராசுக்காரர் தலையை வாரி, வெளுத்த சட்டை போட்டு, மகளின் வகுப்புக்குப் போகிறார். சைக்கிளுக்குக் காற்றடிப்பதில்லை. கதவு வழியாகவே உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறார், பெஞ்சு முனகுவதில்லை. மகள், நமக்கு இருக்கிறதென்று தோன்றுவதெல்லாம் உண்மையில் இருக்கிறதா என்ற அந்தப் பழைய கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறாள். கேள்வி முடிவதற்குள் அவர் தூங்கிவிடுகிறார். குறட்டை கரும்பலகை வரைக்கும் கேட்கிறது.